ஒற்றைப்படைத் துப்பாக்கி, இரட்டைப்படைத் துப்பாக்கி

நிகமத்துக்குப் புதுத் துப்பாக்கி வாங்கப் பேச்சு கிளம்பிய அன்று பாலகிருஷ்ணனுக்கு இரண்டு சமோசாவும் ஒரு டீயும் கிடைத்தன. அந்தத் துப்பாக்கிகளால் அவருக்குக் கிடைத்த நன்மை அத்தோடு சரி.

நிகமம் என்றால் பெங்களூரில் அல்சூர் பக்கம் உயரமான மதில் எழுப்பி உட்கார்ந்திருக்கிற தட்சிண பொற்கிடங்கு நிகமம். கோயில், டிரஸ்டு, நகைக்கடை என்று யார் யாரோ தங்கள் தங்கத்தை அங்கே வைத்துவிட்டு வாடகை கட்டுவார்கள். பாலகிருஷ்ணன் அங்கே வாசல் காவல். கோலாரில் சுரங்கத்தை மூடுகிறவரை பூமிக்கு அடியில் தங்கப் பாறை உடைத்தார். இப்போது மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று தங்கத்தைக் காக்கிறார். இரண்டு வேலையிலும் தங்கத்தைக் கண்ணால் பார்த்தது கிடையாது. வீடு மர்பி டவுனில். மகள் ரஞ்சிதம், மருமகன் கிஷோர், தத்தித் தத்தி நடக்கிற ஒரு பேத்தி. கிஷோருக்கும் நிகமத்திலேயே காவல் வேலை.

அதுவரை நிகமத்தில் இருந்தவை நாலு நீளத் துப்பாக்கிகள். அவற்றைச் சுடத் தெரிந்தவர்கள் எல்லாரும் ரிடையராகிப் போய்விட்டார்கள். தங்கம் வைக்க வந்த பெரிய மனிதர் ஒருவர், “உங்க ஆளுங்க இடுப்புல ஒண்ணுமே இல்லையே” என்று கேட்டுவிட்டார். மறுநாள் கமிட்டி போட்டார்கள். கேட்டவர் தன் தங்கத்தை எடுத்துக்கொண்டு வேறு இடம் போனபிறகும் கமிட்டி கூடிக்கொண்டிருந்தது.

கமிட்டிக்குத் தலைவர் இயக்குநர். மைசூர்க்காரர், யார் எந்த மொழியில் பேசினாலும் அந்த மொழியிலேயே குழப்புவார். உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவர் காவல் பிரிவு அதிகாரி அஷ்வத், ராணுவத்தில் இருந்தவர். அங்கே கேண்டீன் பார்த்துக்கொண்டார் என்று எதிர்க்கட்சி சொல்லும். எதிர்க்கட்சி என்பது எரிக், பிரேசர் டவுன்காரர், பொருள் வாங்கும் பிரிவுக்கு அதிகாரி. இருவரும் பெரிய ஓட்டல் ஒன்றில் நடந்த கண்காட்சிக்குப் போய் ஆளுக்கொரு துப்பாக்கிமேல் ஆசைவைத்துத் திரும்பினார்கள்.

காவலாளிகள் சார்பில் ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. பாலகிருஷ்ணனைக் கூப்பிட்டார்கள். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு லத்தி மட்டும்தான், துப்பாக்கி கிடையாது என்று இன்னொரு விதியும் இருந்தது. துப்பாக்கியைத் தொடவே போகாத ஆள் என்பதால் அவர்தான் நடுநிலையாகச் சொல்வார் என்றார் இயக்குநர்.

மேஜைமேல் பச்சைத் துணி. அதன்மேல் இரண்டு கறுப்புத் துப்பாக்கிகள். பாலகிருஷ்ணன் கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போலத் தெரிந்தன.

“இதோ, நோடு பாலகிருஷ்ணா,” என்றார் அஷ்வத். “இது மேனுவல் சேஃப்டி. பக்கத்துல சின்ன லீவர் இருக்குதில்ல? மேல இருந்தா பூட்டு. ட்ரிகரை இழுத்தாலும் வெடிக்காது. கீழ தள்ளினா பூட்டு தெறந்துச்சு. சுடலாம். அஷ்டே, அவ்வளவுதான்.”

“அவர் சொல்றத விடு, மேன்,” என்றார் எரிக். “இது டீகாக்கர். பின்னாடி சுத்தியல் தூக்கிக்கினு நிக்குது பார். லீவரைக் கீழ தள்ளு. டொக். சுத்தி எறங்கிடுச்சு, குண்டு வெடிக்கல. துப்பாக்கி தூங்கிடுச்சு. அப்படியே உறைல போட்டுக்கோ. அதுக்குமேல யாராவது பூட்டு சாவின்னு சொன்னா, அவன் துப்பாக்கி வாங்க வரல, பீரோ வாங்க வந்துருக்கான்.”

விஷயம் இவ்வளவுதான். ஒரே இடத்தில் ஒரே மாதிரி லீவர். அஷ்வத்தின் துப்பாக்கியில் அதைக் கீழே தள்ளினால் துப்பாக்கி விழித்துக்கொள்ளும். எரிக்கின் துப்பாக்கியில் கீழே தள்ளினால் தூங்கிவிடும்.

“உன் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டார் இயக்குநர்.

பாலகிருஷ்ணன் இரண்டையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். “எது சார் கனம் கம்மி?”

“ஏன்?”

“பசங்க நாள் பூரா இடுப்புல கட்டிக்கினு நிக்கணும். இடுப்பு உட்டுப்பூடும்.”

கமிட்டி இதைக் களத்தின் குரல் என்று பாராட்டியது. அப்புறம்தான் சமோசா வந்தது.

அதன்பிறகு ஒரு வருஷம் சண்டை நடந்தது. கேண்டீனில் ஜன்னல் பக்கம் சேஃப்டிக்காரர்கள் உட்கார்ந்தார்கள், கை கழுவுகிற பக்கம் டீகாக்கர்காரர்கள். கணக்குப் பிரிவில் ஒரு அம்மாள், துப்பாக்கியைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர், டீகாக்கரைக் கேவலமாகப் பேசினார் என்பதற்காகப் பக்கத்து மேஜைக்காரரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். மகள் கல்யாணத்துக்கு எரிக்கைக் கூப்பிட்ட குற்றத்துக்காக ஒரு குமாஸ்தா அத்திபெலே கிளைக்கு மாற்றப்பட்டார். காவலாளிகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கருத்துத்தான் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதே.

கடைசியில் இயக்குநர் ஒரு நாள் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார்.

“நேத்து நான் கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல கார் நிறுத்தினேன். தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. ஏன்? ஒற்றைப்படைத் தேதியில தெருவுக்கு இந்தப் பக்கம் நிறுத்தணும், இரட்டைப்படைத் தேதியில அந்தப் பக்கம் நிறுத்தணும். போர்டு இருக்குது. நான் பாக்கல. பெரிய பதவியில இருக்கிறவன் போர்டெல்லாம் பாத்துட்டு இருக்க முடியாது. ஆனா திரும்பி வரும்போது ஆட்டோல உக்காந்து யோசிச்சேன். எவ்வளவு நியாயமான ஏற்பாடு. ரெண்டு பக்கத்துக்காரனுக்கும் மனக்கஷ்டம் இல்ல. நம்ம நிகமத்திலயும் ஒற்றைப்படைத் தேதிக்கு மேனுவல் சேஃப்டி, இரட்டைப்படைத் தேதிக்கு டீகாக்கர். அஷ்வத்துக்கும் சந்தோஷம், எரிக்குக்கும் சந்தோஷம். ஒரு நிறுவனத்துல பாதுகாப்புன்னா முதல்ல அதிகாரிகளோட மனப் பாதுகாப்பு.”

கைதட்டல் ஓய நேரமானது. கேண்டீனில் மேஜைகளைக் கலந்து போட்டார்கள். செப்டம்பரில் இரண்டு வகையும் வந்து இறங்கின. ஆயுத பூஜைக்கு இரண்டு வகைக்கும் தனித்தனியாகச் சந்தனம் குங்குமம் வைத்து, தனித்தனியாகப் பூசணிக்காய் உடைத்தார்கள். எந்தப் பூசணிக்காய் பெரியது என்று மறுபடி பத்து நாள் பேச்சு நின்றது.

காவலாளிப் பையன்கள் துப்பாக்கிகளுக்கே அதிகாரிகளின் பெயரை வைத்துவிட்டார்கள். ஒற்றைப்படை அஷ்வத், இரட்டைப்படை எரிக். காலையில் ஆயுத அறை ஜன்னலில் கொடுப்பதை வாங்கி உறையில் போட்டுக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றதை வாங்க வேண்டும். கிஷோர் வீட்டில் டி.வி. ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பழகினான்.

“அஷ்வத்னா கைய வக்காத. எரிக்னா கீழ அமுக்கு. அஷ்வத்னா கைய வக்காத, எரிக்னா கீழ அமுக்கு.”

“அமுக்கி அமுக்கி ரிமோட்டு பூடுச்சு,” என்றாள் ரஞ்சிதம். “எரிக்காண்ட சொல்லி வேற வாங்கியா.”

“மாமா, உங்க லத்திக்கு லீவர் எங்க மாமா?”

“அந்தாண்ட முனைல இருக்குது. கிட்ட வா, காட்றேன்,” என்பார் பாலகிருஷ்ணன். பேத்தி எதற்கென்று தெரியாமலே சிரிக்கும்.

“தினம் தேதி பாத்துக்கினு போறியாடா?” என்று ஒருநாள் கேட்டார்.

“தேதி எதுக்கு மாமா? நேத்து அஷ்வத்னா இன்னைக்கு எரிக். நேத்து எரிக்னா இன்னைக்கு அஷ்வத். மாத்தி மாத்தி வருது. இதுல பாக்கறதுக்கு இன்னா இருக்குது?”

எல்லாப் பையன்களும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். செப்டம்பர் முழுக்க அது சரியாகத்தான் இருந்தது. முப்பது முடிந்து ஒன்று வந்தது. நேற்று எரிக், இன்று அஷ்வத். அக்டோபரும் ஒழுங்காகத்தான் போனது.

அக்டோபருக்கு முப்பத்தொரு நாள்.

முப்பத்தொன்றும் ஒற்றைப்படை, அதற்கு அடுத்து வருகிற ஒன்றும் ஒற்றைப்படை. அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே துப்பாக்கிதான் வரும். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் இதனால் ஒரு ஸ்கூட்டரைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

நவம்பர் ஒன்று, ராஜ்யோத்சவம், கர்நாடகம் பிறந்த நாள். நிகமத்து முற்றத்தில் மஞ்சள் சிவப்புக் கொடி, ஸ்பீக்கரில் பாட்டு, தட்டில் மைசூர்பாக். கொடியேற்றும்போது காவலாளிகள் வரிசையாக நின்று துப்பாக்கியின் மேல்பாகத்தை இழுத்துவிட வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. அந்தச் ‘சரக்’ சத்தம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். விருந்தினர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இழுத்தால் குண்டு உள்ளே ஏறி, சுத்தியல் தூக்கிக்கொண்டு நிற்கும். வெறும் துப்பாக்கியை இழுத்தால் சத்தம் சப்பென்று இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டதால் நிஜக் குண்டுதான் போட்டிருந்தார்கள்.

கொடி ஏறியது. ‘சரக்’ என்றது. இயக்குநர் கண்ணை மூடி ரசித்தார். பிறகு உறையில் போடச் சொல்லி உத்தரவு. அன்றைக்கும் அஷ்வத்தின் துப்பாக்கிதான். லீவர் மேலே பூட்டித்தான் இருந்தது, தொடாமல் உறையில் போட்டிருந்தால் போதும். கிஷோர் நேற்று அஷ்வத், ஆகவே இன்று எரிக் என்று லீவரைக் கீழே அமுக்கினான். டொக் என்று கேட்கவில்லை. ஸ்பீக்கர் பாட்டில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. தூங்கிவிட்டது என்று நினைத்து உறைக்குள் தள்ளினான். இடுப்புப் பெல்ட்டிலிருந்து துப்பாக்கிக்குப் போகிற கயிறு ட்ரிகரில் மாட்டிக்கொண்டது.

வாசலில் லத்தியோடு நின்ற பாலகிருஷ்ணன் பட்டாசு என்றுதான் நினைத்தார். வரிசையில் ஒருவன் உட்காருவது தெரிந்தது. அதன்பிறகுதான் அது யார் என்று பார்த்தார்.

அஷ்வத்தும் எரிக்கும் ஓடிவந்தார்கள். இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “எந்தத் துப்பாக்கி?”

“ஒண்ணாம் தேதி, மேன். உங்களுது,” என்றார் எரிக். அந்த நேரத்திலும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

“துப்பாக்கி என்னுது. அமுக்கினது உங்க முறையில,” என்றார் அஷ்வத். “அதனால பொறுப்பு உங்களுது.”

வெடித்த ஆயுதத்தை அதற்குப் பொறுப்பான அதிகாரி கையில் எடுத்துப் பத்திரப்படுத்துகிறவரை யாரும் அருகில் போகக்கூடாது என்று நிகமத்தில் ஒரு விதி. யார் பொறுப்பு என்று முடிவாகாததால் யாரும் போகவில்லை. கிஷோரின் தொடையிலிருந்து ரத்தம் சிமெண்டுத் தரையில் வாய்க்கால் கட்டியது. பாலகிருஷ்ணன் லத்தியைப் போட்டுவிட்டு ஓடி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் காயத்தில் வைத்து முட்டிபோட்டு அமுக்கினார்.

“தூங்கிடுச்சின்னு நெனச்சேன் மாமா,” என்றான் கிஷோர். ஏதோ வீட்டில் ஒரு சாமானைக் கைதவறிப் போட்டவன் மாதிரி சொன்னான்.

“பேசாதடா. பேசாத இரு.”

ஆஸ்பத்திரிக்குள் போகும்போது அவன் பேசாமல்தான் இருந்தான்.

விசாரணைக் கமிட்டி போட்டார்கள். தலைவர் இயக்குநர், உறுப்பினர்கள் அஷ்வத், எரிக். துப்பாக்கியைப் பற்றி நிகமத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

பாலகிருஷ்ணன் விசாரணைக்குப் போகிற அன்று ரஞ்சிதம் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள். அழுது முடித்த குரல்.

“நைனா, அவங்க எது குடுத்தாலும் குடுக்கட்டும், குடுக்காட்டியும் போவட்டும். நீ ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கினு வா. அவரு மேல தப்பு இல்லன்னு சொல்லச் சொல்லு. நாளைக்கு இது வளந்து கேக்கும், எங்கப்பா எப்டி செத்தாருன்னு. ஒங்கப்பன் அசட்டையா இருந்து செத்தான்னு என் வாயால சொல்ல முடியாது நைனா.”

“சொல்ல வக்கிறேன்மா,” என்றார். நிகமத்தை நம்பி அவர் சொன்ன ஒரே வார்த்தை அது.

பச்சைத் துணி போட்ட அதே மேஜை. அவரை நிற்கவைத்துக் கேட்டார்கள்.

“பையன் குடிப்பானா?”

“இல்ல சார்.”

“வீட்டுல சண்டையா?”

“இல்ல சார்.”

“அப்ப ஏன் அமுக்கினான்?” என்றார் அஷ்வத். “என் துப்பாக்கி ஒரு தப்பும் பண்ணல. லீவர் கீழ போச்சு, பூட்டு தெறந்துச்சு. ட்ரிகர் அசைஞ்சுச்சு, குண்டு போச்சு. புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே வேலை செஞ்சுச்சு. அதுல நிகமம் பெருமைப்படணும்.”

“என் துப்பாக்கியா இருந்தா பையன் இன்னைக்கு உயிரோட இருப்பான்,” என்றார் எரிக். “இதைத்தான் நான் ஒரு வருஷமா சொல்லிட்டு இருந்தேன். இப்ப நிரூபணம் ஆயிடுச்சு. ரொம்ப துக்கமான நிரூபணம். ஆனா நிரூபணம்.”

“வாசலை விட்டுட்டு நீ ஏன் உள்ள ஓடின?” என்று இயக்குநர் கேட்டார். “விதி தெரியாதா?”

“என் மருமவன் சார்.”

“அது எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அப்ப நீ காவலாளி.”

பாலகிருஷ்ணன் மேஜையருகே ஒரு அடி எடுத்துவைத்தார். பிறகு கேட்டார். “சார், அவன் மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். பசங்க எல்லாருமே அப்டித்தான் சார் வச்சிக்கினு இருந்தானுங்க, நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணுன்னு. அன்னைக்கு மட்டும் மாறல.”

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். “பாலகிருஷ்ணா, உன் வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா யோசி. அவன் மேல தப்பு இல்லன்னா, துப்பாக்கி மேல தப்பு. துப்பாக்கி மேலயும் இல்லன்னா, கமிட்டி மேல. கமிட்டி மேல தப்புன்னா இவ்வளவு பெரிய நிறுவனத்தை எப்படி நடத்துறது? தப்பை யாராவது ஒருத்தர் ஏத்துக்கணும். இப்ப அவனுக்கு அதனால ஒரு கஷ்டமும் வரப்போறதில்ல.”

முடிவு டிசம்பரில் வந்தது. இறந்தவர் தேதி பார்க்கத் தவறினார். இனி இப்படி நடக்காமல் இருக்க, வாசலில் பெரிய தினசரிக் காலண்டர் ஒன்று மாட்டப்படும். அதற்குக் கிஷோரின் பெயரே வைக்கப்படும். புத்தாண்டு அன்று அவர் மனைவி அதைத் திறந்துவைப்பார். இரக்கம் என்றால் நிகமத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

“போவாத,” என்றார் பாலகிருஷ்ணன்.

“போறேன் நைனா,” என்றாள் ரஞ்சிதம். “மூஞ்சப் பாத்துக் கேக்கணும்.”

ஜனவரி ஒன்றாம் தேதி காலை. வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் காலண்டர், சாமந்தி மாலை. தகர அட்டையில் எழுதியிருந்தது: ‘தேதி பார்க்கத் தவறிய கிஷோர் நினைவாக.’ மேல் அட்டையைக் கிழித்து முதல் தாளைக் காட்ட வேண்டும். ரஞ்சிதம் கிழித்தாள். கைதட்டினார்கள். இயக்குநர் பேசினார். ஒரு தாளைக் கிழிப்பதற்கு ஒரு வினாடிகூட ஆகாது, அந்த ஒரு வினாடியை ஒதுக்கியிருந்தால் இன்று இந்தப் பெண் இங்கே வந்திருக்க மாட்டாள் என்றார்.

“ஏதாவது சொல்றியாம்மா?”

“ஒண்ணு கேக்கணும் சார்,” என்றாள். “நேத்து என்னா துப்பாக்கி சார்?”

“நேத்து முப்பத்தொண்ணு. ஒற்றைப்படை. மேனுவல் சேஃப்டி,” என்றார் இயக்குநர், பிள்ளைக்குச் சொல்லித்தருகிற மாதிரி.

“இன்னைக்கு சார்?”

“இன்னைக்கு டீகாக்கர்.”

அவருக்கு முன்னால், ஒரு முழம் தூரத்தில், தட்டளவு பெரிய ‘1’ தொங்கிக்கொண்டிருந்தது. எரிக் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் காலண்டரைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“பாத்தீங்களா, எனக்கே குழம்பிப்போச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர்கள் தப்புச் செய்தால் அவர்கள்மேல் ஒரு பாசம் வருமே, அந்தச் சிரிப்பு. அஷ்வத்தும் எரிக்கும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

ரஞ்சிதம் சிரிப்பு அடங்குகிறவரை நின்றாள். “அவருக்கும் இதான் சார் குழம்புச்சு.”

இயக்குநர் அவளைக் கனிவாகப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர்.

“அது வேறம்மா,” என்றார். “நான் கையில துப்பாக்கி வச்சிருக்கலையே.”

டீ வந்தது. எல்லாரும் டீயின் பக்கம் திரும்பினார்கள். ரஞ்சிதம் சுவரிடம் போனாள். மாலையை எடுத்துக் கீழே வைத்தாள். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள். தகர அட்டையும் அதோடு வந்தது. எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

நிகமத்துப் பொருள் ஒன்றும் வெளியே போகக்கூடாது. அதற்காகத்தான் அந்த வாசலில் பாலகிருஷ்ணனை நிறுத்தியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு குண்டூசி அவரைத் தாண்டிப் போனதில்லை.

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கையில் இருந்ததைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளை நீக்கிக் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார்.

“வூட்டுக்குப் போம்மா. புள்ள தேடும்.”

அவள் ரோட்டைத் தாண்டிப் போகிறவரை பார்த்திருந்தார். பிறகு கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, நிற்கச் சொன்ன இடத்தில் போய் நின்றார்.